புளி போட்டு விளக்கிய பொன்

கணேஸ்வரன் அன்றைக்கு "இல்லை" என்று சொல்லுவதாகத் தீர்மானம் எடுத்திருந்தான்.

இதிலென்ன பெரிய தீர்மானம் என்று நீங்கள் கேட்கலாம். கலியாணம் கட்டின நாளில் இருந்து அந்தச் சொல்லை அவன் வீட்டுக்குள் பாவித்ததே கிடையாது. வெளியில் ஆள் சிங்கம். நிலக்கீழ் ரயில் ஓட்டுகிறவன். கும்மிருட்டுக் குகைக்குள்ளால் நூற்றுக்கணக்கான சனத்தை ஒற்றை ஆளாய் இழுத்துக்கொண்டுபோய் மறுபக்கம் வெளிச்சத்தில் விடுகிறவன். அந்தச் சிங்கம் வேலை முடிந்து குட்மேய்ஸ் என்கிற ஊரில் இருக்கிற தன் வீட்டு வாசலுக்கு வந்ததும், திறப்பைப் பூட்டில் போட முதல் காதைக் கதவில் வைத்து, உள்ளே காலநிலை எப்படி என்று பார்க்கும்.

அவன் மனைவி பிரமிளா சத்தம் போடுகிற பெண் இல்லை. போட்டால் எவ்வளவோ நல்லது. மழை எந்தப் பக்கத்தால் வருகுது என்றாவது தெரியும். அவள் சிரிப்பாள். "பரவாயில்லையப்பா" என்பாள். அந்தப் "பரவாயில்லை" வந்த நாளில் தேத்தண்ணியில் சீனி அளவாய் இருக்கும், சோறு குழையாமல் இருக்கும், சட்டை மடிப்புக் கலையாமல் இருக்கும். அதுதான் பயங்கரம். எப்போது வரும், எங்கேயிருந்து வரும் என்று தெரியாமல் மனிசனுக்கு நாள்கணக்கில் முதுகு கூசும்.

இப்போதைய சிக்கலுக்கு வேர் ஒரு கைவேலை வகுப்பு. பக்கத்து வீட்டு றோஸ்மலர் அக்காவும் பிரமிளாவும் வாரத்தில் ஒரு பின்னேரம் அதற்குப் போனார்கள். இத்தாலியில் புளோரன்ஸ் என்று ஒரு ஊர். அந்த ஊர்ப் பழைய ஆட்கள் செய்தமாதிரி மரச்சாமானுக்குச் செம்மண் பூசி, அதற்குமேல் தங்கத்தாள் ஒட்டி, கல்லால் தேய்த்து மினுக்குகிற வேலை. தங்கத்தாள் என்பது மூச்சு விட்டாலே பறக்கிற சாமான். இரட்டைப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அதை விரிக்க ஏலுமா? அதனால் ஒட்டுகிறது தேய்க்கிறது எல்லாம் வகுப்பிலும் றோஸ்மலர் அக்கா வீட்டிலும்தான். போன கிழமைதான் பிரமிளா தான் செய்த தட்டைக் கொண்டுவந்து முன்னறை அலுமாரிக்குமேல் சாய்த்து வைத்தாள். பன்னிரண்டு மூலைத் தட்டு. பெரிய தாம்பாளம் அளவு.

"இஞ்சருங்கோ, அங்கை அந்தக் காலத்தில பிள்ளைப்பெத்த பொம்பிளைக்கு இப்பிடித் தட்டிலதானாம் சாப்பாடு கொண்டுபோறது. படமெல்லாம் கீறி, பொன்னெல்லாம் ஒட்டி. பேந்து அதைச் சுவரில கொழுவி வைப்பினமாம்."

"ம்."

"மரத்தில செய்யிறது. பாத்தால் மரம் எண்டு சொல்லுவியளே?"

"ம்."

"எனக்கு இரட்டை பிறந்த நேரம் ஆஸ்பத்திரிக்குச் சோறு எதில கொண்டுவந்தனியள்?"

"ம்."

"ஐஸ்கிறீம் டப்பாவில."

"ம்."

தொலைக்காட்சியில் கிரிக்கெட். கடைசி ஓவர். கணேஸ்வரன் தன் வாழ்நாளிலேயே மிக விலைகூடின நாலு "ம்" சொல்லி முடித்ததை அவன் அறியான்.

அதற்குப் பிறகு அவள் சொன்னதுதான் காதில் ஏறியது.

"எங்கட வகுப்பு பங்குனியில புளோரன்சுக்குப் போகுது. அஞ்சு நாள். நானும் றோஸ்மலர் அக்காவும் போவம் எண்டு பாக்கிறம்."

கணேஸ்வரன் தொலைக்காட்சியை நிறுத்தினான். "அப்ப பிள்ளையள்?"

"தகப்பன் பாப்பார்."

"ஆற்றை தகப்பன்?"

பிரமிளா சிரித்தாள். "யோசிச்சு, கார்த்திகை விளக்கீட்டண்டைக்குச் சொல்லுங்கோ. அடுத்த நாள் வகுப்பில பேர் குடுக்கவேணும். ஏலாதெண்டால் பரவாயில்லையப்பா."

பரவாயில்லை!

ஆரபியும் பைரவியும் நாலு வயது. பெயர்தான் இராகம். ஒருமுறை, ஒரேயொரு பின்னேரம், அவன் அவர்களைத் தனியாகப் பார்த்தான். ஒருத்தி குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டாள். அவளை வெளியே எடுக்க இவன் கத்தியும் கரண்டியுமாய் நின்ற நேரம் மற்றவள் அவன் வேலைச் சப்பாத்துக்குள் தயிர் ஊற்றினாள். வெளியே வந்தவள், அதற்குச் சோறு போட்டாள். ஒரு பின்னேரத்துக்கே சப்பாத்துக்குள் தயிர்ச்சாதம் என்றால் அஞ்சு நாளைக்கு? ரயிலை நிறுத்தும்போதெல்லாம் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பழகினான். "இல்லை. ஏலாது. இல்லை, பிரமி."

ஆனால் வெறும் "இல்லை" என்று சொன்னால் தப்ப முடியாது. அதற்குமுதல் அவளைக் குளிர்த்த வேண்டும். அவள் வாய் நிறையப் புகழ்ந்துகொண்டிருக்கிற நேரம் பார்த்து, அந்த இனிப்போடு இனிப்பாய் இந்தக் கசப்பு மருந்தையும் கொடுத்துவிட வேண்டும். விளக்கீட்டன்று லீவு எடுத்தான். பிரமிளா அப்டன் பார்க் கடைத்தெருவுக்கு மண் சிட்டி விளக்கும் பூவும் வாங்கப் புறப்பட்டாள்.

"நீர் ஆறுதலாய்ப் போட்டு வாரும்," என்றான். "பித்தளைச் சாமான் எல்லாம் நான் விளக்கி வைக்கிறன்."

பிரமிளா வாசலில் நின்று அவனை மேலும் கீழும் பார்த்தாள். "காய்ச்சல் கீச்சலோ?"

"வீட்டு வேலையில புருசனும் கை குடுக்க வேணும்தானே."

"இதை எந்த றேடியோவில சொன்னவை?" என்று கேட்டுக்கொண்டே போனாள்.

பிள்ளைகளைக் கார்ட்டூனுக்குமுன் இருத்திவிட்டுக் கணேஸ்வரன் வேலையில் இறங்கினான். பழப்புளியைக் கரைத்தான். உப்புப் போட்டான். தேங்காய்த் தும்பை எடுத்தான். குத்துவிளக்கு, செம்பு, கற்பூரத்தட்டு, மணி. ஒவ்வொன்றாய்ப் புளி பட்டதும் கறுப்புக் கழன்று பளிச்சென்று சிரித்தது. அவனும் சிரித்தான். அம்மாடி, என்ன மினுக்கம்! இவ்வளவு மினுக்கத்துக்கு ஒரு பெண் இரண்டு "இல்லை" கூடப் பொறுப்பாளே!

அந்த மிதப்பில்தான் அவன் கண் முன்னறைப் பக்கம் போனது.

அலுமாரிக்குமேல் தட்டு. மற்றதெல்லாம் மின்ன, அது மட்டும் அங்கங்கே மங்கி, திட்டுத் திட்டாய், சோர்ந்துபோய் இருந்தது. கணேஸ்வரன் யோசித்தான். தன் கையால் பிரமிளா செய்த பித்தளைத் தட்டு. இதை விளக்கிப் பளபளவென்று நடுவில் வைத்தால் அவள் கண் கலங்கிவிடுவாளே. தூக்கினான். பாரம் இல்லை. "இந்தக் காலத்துப் பித்தளை எல்லாம் தகரம்தான்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, குசினித் தொட்டிக்குள் வைத்துப் புளியை அள்ளிப் பூசி, தும்பால் ஒரு தேய் தேய்த்தான்.

ஒரு தேய்தான்.

தட்டு சிவந்தது.

கை வெட்டிப்போட்டுதாக்கும் என்று விரலைப் பார்த்தான். விரலில் இரத்தமில்லை. விரல் பொன்னாய் மின்னியது. தொட்டித் தண்ணியில் பொற்றூள் சுழன்று சுழன்று ஓட்டையை நோக்கிப் போனது. பதறிப்போய்த் தண்ணி ஊற்றித் துடைத்தான். துடைக்கத் துடைக்கச் சிவப்பு. ஒரு மூலையில் மிச்சமிருந்த பொன்னையாவது காப்பாற்றுவோம் என்று துணியால் மெதுவாய் ஒற்றினான். அதுவும் துணியோடு வந்தது. இப்போது தட்டில் பொன் இல்லை. தும்பில் பொன், துணியில் பொன், இவன் மீசையில் பொன். தட்டு மட்டும் ஈரச் செங்கல்லுப்போல இவனைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

அப்போதுதான் அந்த நாலு "ம்"மும் ஒவ்வொன்றாய்த் திரும்பிவந்து காதில் விழுந்தன. மரத்தில செய்யிறது. பாத்தால் மரம் எண்டு சொல்லுவியளே?

குசினி வாசலில் ஒரு குரல்.

"அப்பா தட்டுக்கு முழுக வார்க்கிறார்!"

பைரவி. பின்னால் ஆரபி. நாலு கண்.

"அப்பா ஒண்டும் வார்க்கேல்லை. போங்கோ, போய் டீவியைப் பாருங்கோ."

"தட்டுக்குக் காயமா அப்பா?"

"ஓம். இல்லை. ஒருத்தருக்கும் சொல்லப்படாது. அம்மாவுக்குச் சொல்லப்படாது. சொக்கிலேட் தரட்டா?"

"ஆளுக்கு எத்தினை?" என்றாள் ஆரபி. தாயின் பிள்ளை.

கணேஸ்வரன் பின்வளவுக்கு ஓடினான். வேலிக்கு அப்பால் றோஸ்மலர் அக்கா கிடைத்த கொஞ்ச வெயிலை விடாமல் படுக்கை விரிப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றா. தேவாலயத்துக்குத் தவறாமல் போகிற, முகத்தில் எப்போதும் கருணை வடிகிற மனுசி. ஆபத்துக்கு இவவை விட்டால் ஆர்?

"அக்கா! அக்கா! தங்கத்தட்டிலை தண்ணி பட்டால் என்ன நடக்கும்?"

"ஐயோ தம்பி, படவே கூடாது. அது தண்ணியாலை ஒட்டுறது, தண்ணியாலையே கழண்டு போடும். ஏன் கேக்கிறீர்?"

"புளி பட்டால்?"

றோஸ்மலர் அக்கா திரும்பி அவன் மீசையைப் பார்த்தா. அவன் தலைக்கு மேலால் குசினி யன்னலைப் பார்த்தா. அவவுக்கு விளங்கிவிட்டது. கையில் இருந்த ஈர விரிப்புக்குள் முகத்தைப் புதைத்தா. தோள் இரண்டும் குலுங்கின.

அழுகிறா என்று கணேஸ்வரன் நினைத்தான். அக்காவே அழுகிறா என்றால் பிரமிளா என்ன செய்வாள்?

"அக்கா, அழாதேங்கோ. ஒரு வழி சொல்லுங்கோ. கடையிலை பொன் நிறப் பெயின்ட் விக்கிறானே, அதை அடிச்சுவிட்டால்?"

விரிப்புக்குள் இருந்து ஒரு விக்கல் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அக்கா முகத்தை வெளியே எடுத்தா. கண்ணெல்லாம் தண்ணி.

"தம்பி, பெயின்ட் அடிச்சீரோ, பேந்து உம்மை ஆண்டவராலையும் காப்பாத்த ஏலாது. தட்டை ஒளிச்சு வையும். வாயைத் திறவாதையும். அவளை இண்டைக்குக் கோவப்படுத்திப் போடாதையும். அவள் என்ன கேட்டாலும், விளங்குதே, என்ன கேட்டாலும் ஓம் எண்டு சொல்லும்."

"என்ன கேட்டாலுமோ?"

"உயிர் முக்கியமோ, வேற ஏதும் முக்கியமோ?"

உயிர்தான் முக்கியம் என்று கணேஸ்வரன் ஒரு நொடியும் யோசிக்காமல் முடிவெடுத்தான். தட்டைத் துவாயால் சுற்றிச் சோபாவுக்குப் பின்னால் செருகினான். அலுமாரிக்குமேல் வெறுமை பல்லிளித்தது. அந்த இடத்தில் பிள்ளையார் படத்தை வைத்தான். பிள்ளையாரும் தன்னைப் பார்த்துத் தலையாட்டுகிறமாதிரி இருந்தது.

வாசலில் திறப்புச் சத்தம். ஒவ்வொரு கிளிக்கும் அவன் எலும்புக்குள் கேட்டது.

பிரமிளா உள்ளே வந்தாள். பையை வைத்தாள். சப்பாத்தைக் கழற்றினாள். முன்னறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். அலுமாரிக்கு வந்ததும் பார்வை ஒரு கணம் நின்றது. கணேஸ்வரனின் மூச்சும் நின்றது. பார்வை கடந்து போனது. மூச்சு வரவில்லை.

"சீ, என்ன மினுக்கம்!" என்றாள் விளக்குகளைப் பார்த்து. "புளியே போட்டனீங்கள்?"

"ஓம்."

"நல்லா அழுத்தித் தேய்ச்சிருக்கிறியள் போல."

"ஓம்."

"எல்லாத்தையும் விளக்கிப் போட்டியளோ? ஒண்டும் மிச்சமில்லையோ?"

"ஓ... ஓம்."

"மீசையில என்ன மினுங்குது?"

கணேஸ்வரன் கையால் வாயைப் பொத்தினான். "விபூதி."

"மஞ்சள் விபூதி," என்றாள் பிரமிளா. "நல்லது." சிரித்துக்கொண்டே பூவை எடுத்துத் தொடுக்க உட்கார்ந்தாள். அவன் எதிரே நுனிக்கதிரையில். சோபாவுக்குப் பின்னால் தட்டு சொட்டுச் சொட்டாய் வடிகிற சத்தம் அவனுக்கு மட்டும் பறைபோலக் கேட்டது.

"புளோரன்ஸ் விசயம் யோசிச்சியளே?"

"ஓம்."

"என்ன ஓம்?"

"போட்டு வாரும்."

பிரமிளாவின் கை பூவில் நின்றது. "அஞ்சு நாளப்பா."

"ஓம்."

"பக்கத்தில வெனிஸ் எண்டு ஒரு ஊர் இருக்காம். அக்கா அங்கையும் ஒருக்காப் பாப்பம் எண்டவ. அப்பிடியெண்டால் ஒரு கிழமையாகும்."

கணேஸ்வரனுக்குள் ஏதோ ஒன்று கீச்சென்று கத்தியது. வாயோ, "ஓம், ஓம். அவ்வளவு தூரம் போறனீர், பாக்காமல் வாறதே?" என்றது.

"பிள்ளையளைச் சமாளிப்பியளே?"

"ஓம்."

"முழுக வார்ப்பியளே?"

"அப்பா தட்டுக்கும் முழுக வார்த்தவர்!" என்று ஒரு குரல். பைரவி சொக்கிலேட் வாயோடு வாசலில் நின்றாள்.

கணேஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டான். வரட்டும். இப்பவே வரட்டும்.

"எந்தத் தட்டுக்கம்மா?" பிரமிளாவின் குரல் தேன்.

"சிவப்புத் தட்டு. அதுக்குக் காயம்."

"பிள்ளை கனவு கண்டிட்டுது," என்றாள் பிரமிளா. "வீட்டில எங்கை சிவப்புத் தட்டு? என்னப்பா?"

"இல்லை. எங்கை? இல்லையே." எவ்வளவு நாளாய்ப் பழகி வைத்திருந்த "இல்லை"! ஒன்றுக்கு இரண்டாய்த்தான் வந்தது. ஆனால் வந்த இடம் பிழை.

பிரமிளா தொலைபேசியை எடுத்து நம்பரை அழுத்தி அவன் கையில் கொடுத்தாள். "அம்மாவுக்கு எடுத்திருக்கிறன். நான் போறதை நீங்களே உங்கட வாயால சொன்னால் அவவுக்குச் சந்தோசமா இருக்கும்."

மாமியாருக்குக் கனடாவில் காலை. கணேஸ்வரன் விசயத்தைச் சொன்னான். "என்ன மருமோன், பிரமியைத் தனிய இத்தாலிக்கு அனுப்பிறியளோ? உங்களைப்போல ஒரு மனிசன் ஆருக்குக் கிடைக்கும்!" அவ அங்கே அழுதா. கணேஸ்வரன் இங்கே அழுதான். இரண்டும் வேறு வேறு அழுகை.

அன்று பின்னேரம் குட்மேய்ஸ் காற்றில் சிட்டி விளக்கு ஒவ்வொன்றாய் அணைய, அவன் ஒவ்வொன்றாய்க் கொளுத்திக்கொண்டு வாசலில் குந்தியிருந்தான். உள்ளே போகப் பயம்.

அடுத்த நாள் வகுப்புக்கு நேரமானது. பிரமிளா மேலங்கியைப் போட்டாள். கழுத்துக்குச் சால்வையைச் சுற்றினாள். பிறகு ஒன்றும் நடவாததுபோலச் சொன்னாள்:

"அந்தத் தட்டை எடுத்துத் தாங்கோ."

"எந்த..."

"சோபாவுக்குப் பின்னால இருக்கிறது."

நடந்துபோனது கணேஸ்வரனின் கால் இல்லை, வேறு ஆருடையோ மரக்கால். தட்டைத் துவாயோடு தூக்கிவந்து இரண்டு கையாலும் நீட்டினான். கண்ணை நிலத்தில் போட்டு, ஒரே மூச்சில் கொட்டினான். "பிரமி, எனக்குத் தெரியாது, பித்தளை எண்டு நினைச்சன், நீர் சொன்னது கேக்கேல்லை, கிரிக்கெட், புளியைப் போட்டன், மன்னிச்சுக்கொள்ளும், புதுசா ஒண்டு வாங்கித் தாறன், ரெண்டு வாங்கித் தாறன்..."

பிரமிளா துவாயை விலக்கினாள். தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலால் தடவினாள். விளக்கு வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தாள்.

"எவ்வளவு துப்புரவாக் கழுவியிருக்கிறியளப்பா!"

"ஆ?"

"பொன் சரியாப் பிடிக்கேல்லை, திட்டுத் திட்டா நிக்குது, முழுக்கக் கழுவி எடுத்துப்போட்டுத் திரும்ப ஒட்டு எண்டு ரீச்சர் போன கிழமையே சொன்னவ. எனக்குத்தான் கை வரேல்லை. அலுமாரிக்கு மேல வைச்சு வைச்சுப் பாத்துக்கொண்டிருந்தன். நீங்கள் மண் போகாமல், மரம் போகாமல், பொன்னை மட்டும் எடுத்துப் போட்டியள். நல்ல காலம்."

கணேஸ்வரன் மெதுவாகச் சோபாவில் இருந்தான். "அப்ப உமக்குக் கோவம் இல்லையோ?"

"ஏன் கோவம்?"

"நான் கழுவினது உமக்கு எப்ப தெரியும்?"

"நான் பஸ்ஸால இறங்க முதலே அக்கா போன் எடுத்துச் சொல்லிப்போட்டா."

விரிப்பு நினைவுக்கு வந்தது. குலுங்கின தோள் நினைவுக்கு வந்தது. கணேஸ்வரன் துள்ளி எழும்பினான். முகம் தட்டின் நிறத்துக்கு வந்தது. "அப்ப நான் சொன்ன ஓம் ஒண்டும் செல்லாது! பயத்தில சொன்ன ஓம் அது! நீர் போகேலாது! ஒரு கிழமையென்ன, ஒரு நாளும் ஏலாது!"

சொல்லிவிட்டான். சொல்லியே விட்டான். வீடு இடிந்து விழவில்லை.

பிரமிளா சிரித்தாள். "பரவாயில்லையப்பா. போகேல்லை. அம்மாவுக்கு மட்டும் நீங்களே ஒருக்காச் சொல்லிவிடுங்கோ. அவ நேற்றே கனடா முழுக்கப் போன் எடுத்து, என்ரை மருமோனைப்போல ஒரு மருமோன் உலகத்தில இல்லை எண்டு சொல்லிப்போட்டா. கோயிலில உங்கட பேருக்கு அருச்சனையும் செய்விச்சவவாம்." தொலைபேசியை எடுத்து நீட்டினாள்.

கணேஸ்வரன் தொலைபேசியைப் பார்த்தான். அது சின்னதாய், கறுப்பாய், வாயைத் திறந்துகொண்டு இருந்தது. குகைக்குள் ரயில் விடுகிற கை அதைத் தொட மறுத்தது.

"எத்தினையாம் திகதி வெளிக்கிடுறியள்?" என்று கேட்டான்.

"வந்து சொல்லுறன்." பிரமிளா தட்டைக் கைக்குள் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டாள். வாசலில் றோஸ்மலர் அக்கா காத்துக்கொண்டு நின்றா. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டார்கள்.

அக்கா வேலிக்கதவைப் பிடித்தபடி திரும்பினா. முகத்தில் அதே கருணை.

"தம்பி, என்ரை தட்டும் சரிவரேல்லை. கழுவத்தான் வேணுமாம். பிரமியிட்டைக் குடுத்துவிட்டனான், உங்கட குசினித் தொட்டிக்குள்ள இருக்கு, புளியும் கரைச்சிருக்கு. நாங்கள் வாறதுக்கிடையில ஒருக்கா..."

கணேஸ்வரன் நெஞ்சை நிமிர்த்தினான். இதற்காவது "இல்லை" சொல்ல வேண்டும். இப்போதே சொல்ல வேண்டும். மூச்சை நன்றாய் உள்ளே இழுத்து, வாயைத் திறந்தான்.

"உப்பும் போடவேணும், அக்கா."